கன்வெர்ட்டிபிள் காருக்குள் தண்ணீர் வருகிறதா? கூரையைத் திட்டும் முன் வடிகாலைப் பாருங்கள்

பிரேக் பிடித்ததும் சீட்டுக்குப் பின்னாலிருந்து 'சளக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் பாட்டில் ஏதோ உருள்கிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இடது பக்கம் திரும்பியபோது சீட் பெல்ட் ஓரமாக வழிந்து வந்து இடுப்பை நனைத்தது பாருங்கள், அப்போதுதான் புரிந்தது. வண்டி 2003 மஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, துணிக் கூரையை மடித்துத் திறக்கும் கன்வெர்ட்டிபிள். நான் இருப்பது இங்கிலாந்தில், அப்போது அக்டோபர் மாதம், அதாவது வெயில் வந்து காயவைக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை. துணிக் கூரை போய்விட்டது, புதுசு போட நூறு நூறாகப் பவுண்டு போகப்போகிறது என்று பயந்தேன். கடைசியில் செலவானது ஒரு திரைச்சீலை ஸ்பிரிங்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும்தான்.

கையில் ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. என் வண்டியை வைத்தே சொல்கிறேன். மற்ற கன்வெர்ட்டிபிள்களில் ஓட்டைகள் இருக்கும் இடம் மாறும், யோசிக்கும் விதம் மாறாது.

தண்ணீர் போகும் வழி

எம்எக்ஸ்-5ன் துணிக் கூரைக்கும் பின்பக்க உடம்புக்கும் நடுவே தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, வண்டியைச் செய்ததே அப்படித்தான். இறங்கும் தண்ணீரைப் பிடிக்க உள்ளே ரெயின் ரெயில் என்று ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் உண்டு. அது தண்ணீரை இரண்டு ஓரத்துக்கும் தள்ளும். சீட் பெல்ட் தூணின் அடியில் பக்கத்துக்கு ஒரு வடிகால். அங்கிருந்து குழாய் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழும்.

முற்றம் வைத்த பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மழை உள்ளேதான் விழும், மூலையில் இருக்கும் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகும். தூம்பில் மாவிலை அடைத்துக்கொண்டால் கூடத்தில் தண்ணீர் நிற்கும். அதற்காக யாரும் ஓடு மாற்றுவதில்லை.

முதல் வேலை: என்ன தண்ணீர், எங்கே?

கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. மேல்பக்கம் காய்ந்தே இருக்கும், அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் ஊறிப் போயிருக்கும். ஓரத்தைத் தூக்கி, கையால் அழுத்திப் பாருங்கள்.

சீட்டுக்குப் பின்னால் ஈரம் என்றால் வடிகால் மேல் சந்தேகப்படுங்கள். கதவோரம் என்றால் கதவு, கண்ணாடி, இல்லையென்றால் பீடிங், அதாவது விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டை. முன்னால் கால் வைக்கும் இடத்தில் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அது மழைத் தண்ணீராகவே இல்லாமல் இருக்கலாம். ஏசி ஓடிய நாளில் மட்டும் சுத்தமான தண்ணீர் வந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும். பிசுபிசுவென்று, நிறத்தோடு, ஒரு இனிப்பு வாசனையும் அடித்து, முன்கண்ணாடியில் எண்ணெய் பூசினாற்போல ஆவி படிந்தால் அது ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். வாசனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

ஆனால் ஈரம் இருக்கும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் தகட்டோரமாகவே ஓடி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும்.

இரண்டாவது: வடிகாலைச் சுத்தம் செய்வது

எந்தப் பக்கம் ஈரமாக இருந்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள், காசு செலவில்லாத வேலை. கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, சீட்டுக்குப் பின்னால் மூலையில் டார்ச் அடித்தால் கூரைச் சட்டத்துக்குக் கீழே ஓட்டை தெரியும். என் வண்டியில் ஓட்டையே தெரியவில்லை. மக்கிய இலையும் மண்ணும் சேர்ந்து ஒரு பூந்தொட்டி மாதிரி இருந்தது, நடுவில் பாசிகூட முளைத்திருந்தது.

அதைக் குழாய்க்குள் தள்ளிவிடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, கையாலும் ஸ்பூனாலும் முடிந்தவரை வழித்து வெளியே எடுங்கள். அப்புறம்தான் ஸ்பிரிங். நம் வீடுகளில் ஜன்னல் ஸ்கிரீன் மாட்ட, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஸ்பிரிங் கம்பி வாங்குவோமே, அதேதான். அதன் கூர்மையான முனையில் டேப் சுற்றி, மேலிருந்து மெதுவாகத் திருகிக்கொண்டே இறக்க வேண்டும். நடுவில் ஒரு வளைவில் நிற்கும். பலத்தைக் காட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டினால் போய்விடும். இங்கே சிலர் டிராம்போன் என்ற ஊதுவாத்தியத்தைச் சுத்தம் செய்யும் நீளமான பிரஷ்ஷை இதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

காற்றடிக்கும் கம்ப்ரஷர் மட்டும் வேண்டாம். அழுத்தத்தில் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால், தண்ணீர் வெளியே போகாமல் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பெட்டிக்குள் இறங்கி, உள்ளிருந்தே துருவேற்றும். பழைய எம்எக்ஸ்-5களில் பின் சக்கரத்துக்கு முன்னால் தகடு பொடிந்துபோவதற்கு இந்த ஈரம் ஒரு முக்கியக் காரணம். சீட் பெல்ட் பிடிமானத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு பலமிழந்து போயிருந்தால் இங்கே வருடாந்திர எம்ஓடி சோதனையில் வண்டி தேறாது, வெல்டிங்தான்.

சுத்தம் செய்தபின் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊற்றிய சில நொடிகளில் அது வண்டிக்கு அடியில் கொட்ட வேண்டும். எனக்கு முதலில் கருப்புச் சேறு, அப்புறம் பழுப்பு, அப்புறம் தெளிவான தண்ணீர். ஊற்றிய தண்ணீர் கீழே வரவே இல்லை, மேலேயும் தேங்கவில்லை என்றால் குழாய் கழன்றோ கிழிந்தோ இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த பக்கத்தையும் மறக்காமல் செய்யுங்கள், அதுவும் பாதி அடைத்துத்தான் இருக்கும்.

ஊரில் சன்ரூஃப் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். சன்ரூஃப் சட்டத்தின் மூலைகளிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்கள் அடைத்தால் தண்ணீர் உள்கூரை விளக்கு வழியாகத் தலையில் சொட்டும்.

மூன்றாவது: ஹோஸ் பைப் சோதனை

வடிகால் சரியான பிறகும் எனக்கு வலது முன்பக்கம் லேசாக ஈரமானது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். தம்பியை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்பினேன். வெளியிலிருந்து சாதாரணத் தோட்டத்து ஹோஸ், மெதுவாக. பிரஷர் வாஷர் அடித்தால் நல்ல பீடிங்கும் ஒழுகும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கீழிருந்து மேலே போக வேண்டும், இதுதான் இந்தச் சோதனையின் உயிர். கூரையில் ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது குற்றவாளி என்றே தெரியாது. முதலில் வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளம் (அங்கேயும் இலை சேரும்), பிறகு கதவின் கீழ்ப்பகுதி, சைடு மிரர், கண்ணாடியின் மேல்விளிம்பு, கடைசியில் கூரையின் முன்முனை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். மிரருக்கு மேலே வந்தபோது உள்ளிருந்து "அண்ணா, இங்க சொட்டுது" என்று கண்ணாடியைத் தட்டினான். முன்தூணும் கதவுக் கண்ணாடியும் கூரையும் சந்திக்கும் மூலை. கன்வெர்ட்டிபிள்களில் அடிக்கடி ஒழுகுகிற இடம் அது.

ஒரு துண்டுக் காகிதத்தை அந்த இடத்தில் வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் பீடிங் அழுத்துகிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி. எனக்கு வழுக்கியது. பீடிங்கை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் கிரீஸ் தேய்த்ததில் ரப்பர் மெத்தென்று ஆகி ஒழுகல் நின்றது. அப்படி நிற்காவிட்டால் கண்ணாடியின் நிலையைச் சரிசெய்ய வேண்டும், பீடிங் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். பெட்ரோலிய எண்ணெய், பெட்ரோலிய கிரீஸ் எதையும் தடவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

பாத்ரூமுக்கு அடிக்கும் சிலிக்கான் சீலன்ட் பற்றி ஒரு வார்த்தை. வினிகர் வாசனை அடிக்கும் வகை தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அதைவிட மோசம், கண்ட இடத்திலெல்லாம் பூசி வடிகால் வழியையே அடைத்துவிடுவது.

மீதி இடங்கள், சுருக்கமாக

கதவுக்குள் மழை இறங்குவது இயல்பு, அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாகப் போய்விடும். அந்த ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அது பிரிந்திருந்தால் பியூட்டில் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் டேப் வைத்துத் திரும்ப ஒட்டுங்கள். டிக்கியில் தண்ணீர் நின்றால் பின்விளக்கு, மூன்றாவது பிரேக் விளக்கு, ஏரியல் இவற்றின் கேஸ்கெட்டை, அதாவது அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பைப் பாருங்கள். இந்த வண்டியில் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். ரெயின் ரெயில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் கூரையின் பின்பக்கத்தைக் கழற்ற வேண்டிவரும், அதை முதல் முறையே தனியாக முயற்சி செய்யச் சொல்ல மாட்டேன்.

வேறு வண்டிக்காரர்களுக்கு: முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4ல் கூரையைத் தூக்கும் மோட்டார் வடிகால் பக்கத்துக் குழியிலேயே இருக்கிறது, அடைத்தால் மோட்டார் மூழ்கும். பழைய போர்ஷே பாக்ஸ்டரில் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு மின்னணுப் பெட்டி சீட்டுக்கு அடியில், நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

காயவைப்பது

ஒழுகல் நின்றதும் கார்ப்பெட்டை அப்படியே விட்டுவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும். சீட்டை நான்கு 14 மி.மீ. போல்ட்டில் கழற்றலாம், ஆனால் அடியில் மஞ்சள் நிற ஒயர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் தொட வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் வாக்குவத்தால் இழுத்து, கார்ப்பெட்டுக்கு அடியில் கட்டை வைத்துத் தூக்கி, கதவை மூடி உள்ளே ஒரு டீஹ்யூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின், ஓடவிட்டேன். நான்கு நாள் ஆனது.

வீட்டு வாசலில் ஒரு மரம் நிற்கிறது, அதன் அடியில்தான் வண்டி நிறுத்த இடம். அதனால் இலையுதிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற நாளில் மாதம் ஒருமுறை, அந்த ஸ்பிரிங்கை இறக்கி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். ஸ்பிரிங் இப்போது டிக்கியிலேயே கிடக்கிறது.