கொழும்புக்குப் புதிதா? கொம்பியூட்டரையும் கரண்ட் பில்லையும் கொஞ்சம் கவனியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வருபவர்களுக்கு முதல் கரண்ட் பில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், முதல் 100 யூனிட் இலவசம். இங்கே மாதாமாதம் பில், முதல் யூனிட்டிலிருந்தே காசு. வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால் காலை முதல் இரவு வரை கொம்பியூட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் வந்த முதல் மாதமே இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது.

இங்கே கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் மிக மலிவு. 60ஐத் தாண்டினால் அந்த மலிவு விலை முதல் 60 யூனிட்டுக்கும் கிடைக்காது, கணக்கே வேறாகிவிடும். பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் யூனிட் விலை கூடும், நிலையான கட்டணமும் கூடவே ஏறும். ரூபாய்க் கணக்கு அடிக்கடி மாறுகிறது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெரிய ஏற்றம் வந்தது, பிறகு குறைத்ததும் உண்டு. ஆகவே விலையைவிடப் படிகளை மனதில் வைத்திருங்கள்.

இப்போது கொம்பியூட்டருக்கு வருவோம். சாதாரண டெஸ்க்டொப்பும் திரையும் சேர்ந்து 100 வாட் என்று வையுங்கள். பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், மாதத்துக்கு 30. ஃபிரிட்ஜ், ஃபேன், ரைஸ் குக்கர் எல்லாம் சேர்ந்து 100 யூனிட் போகும் வீட்டில் இந்த 30ஐயும் சேர்த்தால் 130. 120 என்ற படியைத் தாண்டியாயிற்று! அதே வேலையை 30 வாட் இழுக்கும் லப்டொப்பில் செய்தால் மாதம் ஒன்பது யூனிட்தான், மொத்தம் 109. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குக் கொம்பியூட்டர் வாங்கப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்து வேலை, கோடிங், மீட்டிங் இவற்றுக்கு லப்டொப்பே தாராளம். பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட டெஸ்க்டொப், தேவை இருப்பவருக்கு மட்டும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் அனெக்ஸ் (வீட்டுக்காரர் வீட்டோடு சேர்ந்த தனி வாடகைப் பகுதி) எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒரே மீட்டர், உங்கள் பகுதிக்கு ஒரு சப் மீட்டர். இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் ஒன்றாகக் கூடுவதால் மொத்தம் மேல் படிக்குப் போய்விடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, "அன்ரி, எங்கட யூனிட்டுக்கு என்ன விலை போடுறீங்கள்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், நல்ல வீட்டுக்காரர் பில்லையே எடுத்துக் காட்டுவார். பிறகு மாதத்தின் முதல் நாள் சப் மீட்டரை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸ். பத்து நிமிடம் கை வைக்காவிட்டால் ஸ்லீப் ஆகும்படி வையுங்கள். ஸ்கிரீன்சேவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தாது, திரை அணைந்தால்தான் மிச்சம். வெளிச்சத்தையும் கண்ணுக்குப் போதுமான அளவுக்குக் குறையுங்கள். இரவில் ஷட்டவுன் செய்து சுவிட்சையும் அணையுங்கள். வைஃபை ரவுட்டர் பத்து வாட்தான் என்றாலும் 24 மணி நேரமும் ஓடினால் மாதம் ஏழு யூனிட், அதாவது மேலே சொன்ன லப்டொப் தின்பதில் முக்கால்வாசிக்கும் மேல். தூங்கும்போது அது யாருக்கு?

டெஸ்க்டொப் இருந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்க மூடியைத் திறந்து பாருங்கள். காலி வீதியை (Galle Road) ஒட்டிய வீடுகளில் புகைத்தூசு விசிறி இறகில் கறுப்பாக அப்பியிருக்கும். சூடு வெளியேறாமல் விசிறி வேகமாகச் சுற்றும், மெஷினும் மந்தமாகும். மென்மையான தூரிகையால் தட்டிவிட்டாலே போதும்.

இதையெல்லாம் செய்துவிட்டு அறையில் பகல் முழுக்க ஏசி போட்டால் மிச்சம் பிடித்தது எதுவும் நிற்காது. ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும், டெஸ்க்டொப்பின் ஒரு நாள் கணக்கு அது. மெரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் மேசையைக் கடல் பக்கத்து ஜன்னலருகே போட்டுப் பாருங்கள், பல நாட்களில் ஃபேனே போதும்.

இரவு 10.30க்குப் பிறகு கரண்ட் மலிவு என்று யாராவது சொல்வார்கள். அது நேர அடிப்படைக் கட்டணத்துக்கு விண்ணப்பித்து மாறியவர்களுக்கு மட்டும். சாதாரண வீட்டு மீட்டருக்குப் பகலும் இரவும் ஒரே விலைதான். டவுன்லோட் போடுவதற்காகக் கண்விழிக்க வேண்டாம்.