பலர் கூடி எழுதும் மென்பொருளுக்கு உரிமம் இடுவது எப்படி?

நாங்கள் சிலர் கூடிப் பராமரிக்கும் ஒரு மென்பொருளின் உரிமத்தை அண்மையில் ஒழுங்குபடுத்தினோம். அந்த முறையை, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) கருவியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்வதால், எங்கும் பதிவு செய்யாமலே உரிமை உண்டாகிவிடுகிறது. எனவே உரிமம் இடாத மூலநிரல் இணையத்தில் எல்லார் கண்ணிலும் பட்டாலும், அதைத் திருத்தி வெளியிடப் பிறருக்கு அனுமதி இல்லை.

முதல் படி, உரிமத்தைத் தேர்ந்தெடுப்பது. எம்ஐடி உரிமம் படிக்க எளிது. ஆனால் காப்புரிமை (பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்பின் மீதான உரிமை) என்ற பேச்சே அதில் வெளிப்படையாக இல்லை. 2004இல் வந்த அப்பாச்சி 2.0 உரிமத்தின் 3ஆம் பிரிவின்படி, பங்களிப்பவர் தம் பங்களிப்பு தொடர்பான காப்புரிமைகளையும் பயனர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடுகிறார். அந்த மென்பொருள் தம் காப்புரிமையை மீறுகிறது என்று வழக்குத் தொடுப்பவருக்கோ, அதன்வழி கிடைத்த காப்புரிமை அனுமதி அன்றோடு முடிந்துவிடும். நான் பரிந்துரைப்பது அப்பாச்சி 2.0ஐத்தான். திருத்துபவர்களும் மூலநிரலைத் திறந்தே வெளியிட வேண்டும் என்றால் ஜிபிஎல் (GPL) உரிமத்தின் 3ஆம் பதிப்பு நல்லது. ஜிபிஎல் 2 மட்டும் என்று குறிக்கப்பட்ட நிரலோடு அப்பாச்சி நிரலைக் கலந்து வெளியிடாதீர்கள்.

இந்தியாவில் மென்பொருளுக்குக் காப்புரிமை இல்லையே என்று சிலர் கேட்கலாம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு விலக்குவது வெறும் நிரலைத்தான். தொழில்நுட்ப விளைவைக் காட்டிக் காப்புரிமை பெறுவோர் இங்கும் உண்டு. அத்துடன் உங்கள் நிரலை அமெரிக்காவிலும் தரவிறக்குவார்கள். ஜிஃப் படங்களைச் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யுனிசிஸ் நிறுவனம் கட்டணம் கேட்டதால்தான் பிஎன்ஜி பட வடிவமே பிறந்தது.

உரிமத்தின் முழு வாசகத்தையும் ஓரெழுத்தும் மாற்றாமல் முதன்மை அடைவில் வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதிப்புரிமை வரி ஒன்றும் உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் (SPDX) அடையாள வரி ஒன்றும் இருக்கட்டும். இவ்வரிகள் விடுபட்ட கோப்புகளை ரீயூஸ் (REUSE) என்ற கருவி காட்டிக்கொடுக்கும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது அடுத்த படி: அனுப்பப்படும் நிரல் அனுப்புபவருக்கே சொந்தமா என்று உறுதி செய்வது. வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆகவே பகலில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்து இரவில் நமக்கு எழுதுபவர், தம் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்தே ஆக வேண்டும். தேவையானால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். உரிமையைத் திட்டத்தின் பெயருக்கு மாற்றி வாங்கும் ஒப்பந்தத்தை நான் விரும்புவதில்லை. ஏனெனில் காலமும் இடமும் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கும் இந்திய எல்லைக்கும் மட்டுமே செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு.

அதைவிட எளியது, இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பங்களிப்பவரே சொல்லும் டிசிஓ (DCO) உறுதிமொழி. லினக்ஸில் தன் நிரல் கலந்துள்ளது என்று எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்ததை அடுத்து, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு 2004இல் கொண்டுவந்தது இது. கமிட் செய்யும்போது (கிட்டில் மாற்றத்தைப் பதியும்போது) சிறிய எஸ் தெரிவைச் (-s) சேர்த்தால், உங்கள் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒப்புதல் வரி செய்தியின் அடியில் அமரும். பெரிய எஸ் (-S) இட்டால் நடப்பது வேறு: அது மறைக்குறியீட்டுக் கையொப்பம், இந்த உறுதிமொழி ஆகாது.

பின்சேர்க்கை: பழைய கமிட்டுகளில் ஒப்புதல் வரி விடுபட்டால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கமிட்டுகளை மீண்டும் அடுக்கும் ரீபேஸ் கட்டளையில் சைன்ஆஃப் தெரிவைப் (--signoff) பயன்படுத்தலாம். ஆனால் அந்த வரிசையில் பிறருடைய கமிட் இருந்தால் அதிலும் உங்கள் பெயரே ஏறும். எனவே உங்கள் கமிட்டுகள் மட்டும் உள்ள கிளையில் இதைச் செய்யுங்கள்.