மாலை டீயும் வர்க்கியும்: மலையில் இருப்பவர்கள் சாப்பாட்டில் செய்யும் தவறுகள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ நாலரை மணிக்குப் பனி இறங்கியதும் கை வர்க்கி (நீலகிரிப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்) டப்பாவுக்குப் போகும். கேட்டால் குளிருக்குப் பசிக்கிறது என்போம். உடம்பு நடுங்கும் அளவு குளிரில் நின்றால் சக்தி கூடுதலாகச் செலவாகும். ஸ்வெட்டர் போட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒன்றும் கூடுதலாகச் செலவாகாது. வருவது பெரும்பாலும் பழக்கப் பசி. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால், அந்த நேரம் நெருங்கும்போதே கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறிவிடும். அந்தப் பசி பொய்யில்லை, ஆனால் வயிறு காலி என்று அர்த்தமும் இல்லை.

சோதிக்க ஒரு வழி: மதியம் மிஞ்சிய சோறும் அவரைக் குழம்பும் இப்போது கொடுத்தால் சாப்பிடுவீர்களா? சாப்பிடுவேன் என்றால் நிஜப் பசி, தாராளமாகச் சாப்பிடுங்கள். வர்க்கி மட்டும்தான் வேண்டும் என்றால் ஒரு தம்ளர் வெந்நீர் குடித்துப் பத்து நிமிடம் பொறுங்கள். குளிரில் தாகம் சரியாக உறைக்காது என்பதால் தண்ணீர் குறைவதும் நமக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய தவறு, "இன்றிலிருந்து வர்க்கியே தொடமாட்டேன்" என்று சபதம் எடுப்பது. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக்குக்குப் பின் ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ அதிகம் சாப்பிட்டார்கள். இதற்குக் காரணம் மனவலிமைக் குறைவு அல்ல. விதி ஒருமுறை உடைந்ததும் 'இன்றைக்குக் கெட்டது கெட்டதுதான்' என்ற கணக்கு மனதில் ஓடத் தொடங்குகிறது. தடையை விட அளவுதான் கைகொடுக்கும். இரண்டு வர்க்கியைத் தட்டில் எடுத்து, டப்பாவை மூடி மேல் அலமாரியில் வைத்துவிட்டு உட்காருங்கள். டப்பாவோடு டிவி முன் உட்கார்ந்தால் எத்தனை தின்றோம் என்பதே நினைவில் பதியாது. அது பதியாவிட்டால் ராத்திரி சாப்பாட்டிலும் அளவு தப்பும்.

டீயில் போகும் சர்க்கரையை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு டீஸ்பூன் 4 முதல் 5 கிராம். தம்ளருக்கு இரண்டு வீதம் நான்கு டீ குடித்தால் 32 முதல் 40 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிக்கவும் வேண்டாம். கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேராமல் டீக்குத் துவர்ப்பைத் தரும் டானின் தடுக்கும். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு ரத்தசோகை இருந்தால் இது மிக முக்கியம். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில், "கேரட் தின்றால் சாக்லேட்" என்ற பேரம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. லியான் பர்ச் என்ற ஆய்வாளர் 1984-இல் நடத்திய ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்ததற்குப் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மீதே விருப்பம் குறைந்தது. பரிசு கொடுத்தால், கேரட் ஏதோ சகித்துக்கொள்ள வேண்டிய பண்டம் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். புதிய காய் பிடிக்க 8 முதல் 15 தடவை வரைகூட ஆகலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரே ஒரு துண்டு தட்டில் வையுங்கள், நீங்களும் அதையே சாப்பிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். தொட்டுப் பார்த்துத் திருப்பி வைத்தாலும் அதுவும் ஒரு தடவைதான்.

ஒளித்து வைத்து நிறையச் சாப்பிடுவது, சாப்பிட்டபின் வாந்தி எடுப்பது, எடைக்குப் பயந்து நாள்கணக்கில் பட்டினி கிடப்பது ஆகியவற்றை மட்டும் மேலே சொன்னவற்றோடு சேர்க்கக்கூடாது. அவை நோய், டப்பாவை மேலே வைத்துத் தீராது. திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதல் ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.