குவாய் நதிப் பாலத்தை மறுபடி பார்ப்பது எப்படி

டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) படத்தை ஏற்கெனவே பார்த்தவர்களுக்குத்தான் இது. இரண்டே முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இடையில் நிறுத்த வேண்டாம்.

முதல்முறை பாலம் வெடிக்குமா என்றே பார்த்திருப்போம். இந்த முறை, ஜப்பானியரின் போர்க்கைதி முகாமில் சிக்கிய பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சனாக வரும் அலெக் கின்னஸின் நடையைப் பாருங்கள். தகரக் கொட்டடியில் வெந்துகிடந்த நிக்கல்சன் வெளியே வருகிறார். கால்கள் தள்ளாடுகின்றன, முதுகு மட்டும் வளையவில்லை. அந்த இடத்தை நான் எப்போதும் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். தன் ஆட்களின் மானத்துக்காகப் பிடிவாதம் பிடித்தவர், எந்தக் காட்சியில் எதிரியின் பாலத்தைத் தன் பாலமாக நினைக்கத் தொடங்குகிறார்? ஒவ்வொரு முறையும் எனக்கு வேறு இடம் அகப்படுகிறது. என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது இந்தக் கேள்விதான்.

அப்புறம், முகாம் தலைவர் சைட்டோவாக வரும் செஷு ஹயகாவா தனியே அழும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

படமெடுத்தது இலங்கையின் கித்துல்கலவில். கதை கற்பனை, ஆனால் அந்தப் பாலம் எதற்காகவோ அந்த சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில்பாதை நிஜம்; இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்டது. 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால், படம் போடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.