அரிதான நோர்வேக் குடும்பப் பெயர் ஒன்றின் ஊரையும் எண்ணிக்கையையும் கண்டறியும் முறை

நோர்வேயில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அந்நாட்டவரை மணம் முடிப்பது இப்போது புதுமையான செய்தியன்று. அத்தகைய சம்பந்தம் ஒன்று வட்டக்கச்சியிலோ நெடுங்கேணியிலோ உள்ள வீட்டுக்குத் தெரியவரும்போது, பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்வி "எந்த ஊர் ஆக்கள்?" என்பதாகத்தான் இருக்கும். நோர்வேக் குடும்பப் பெயர்களைப் பொறுத்தவரை அது மிகச் சரியான கேள்வி. அப்பெயர்களிற் பெரும்பகுதி ஏதோ ஒரு பண்ணைக் காணியின் பெயராகவே தொடங்கியது. அரிதான பெயராயின், அது ஒரேயொரு காணியைச் சுட்டும் வாய்ப்பு இன்னும் அதிகம். ஆகவே ஆளைத் தேடிப் போகாமல் ஊரைத் தேடிப் போவதே இவ்வேலையின் அடிப்படை. செலவு இணையத் தரவுக்கு மட்டுமே. தேவையான பதிவுகளில் மிகுதியானவை இலவசமாகத் திறந்து கிடக்கின்றன.

முதலில் பெயரின் எழுத்துக்கூட்டலை உறுதிசெய்ய வேண்டும். தொலைபேசியிற் காதாற் கேட்டதை வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினால் வேறொரு குடும்பத்திற் போய் முடியும். கடவுச்சீட்டிலோ திருமணச் சான்றிதழிலோ உள்ளவாறு படம் பிடித்து அனுப்பச் சொல்வதே பாதுகாப்பானது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்குப் பின்னர் நோர்வே நெடுங்கணக்கில் மேலும் 3 எழுத்துகள் வருகின்றன. 'ஏ'யும் 'ஈ'யும் ஒட்டிய எழுத்து ஒன்று, குறுக்கே சாய்கோடு வெட்டிய 'ஓ' இன்னொன்று, தலையிற் சிறுவட்டம் இட்ட 'ஏ' மூன்றாவது. கைபேசியின் ஆங்கில விசைப்பலகையில் 'ஏ' அல்லது 'ஓ'வை அழுத்திப் பிடித்தால் இவை மேலெழும். வட்டமிட்ட எழுத்து 1917ஆம் ஆண்டில்தான் அரச எழுத்துமுறைக்குள் வந்தது. அதற்கு முன்னர் அவ்வொலிக்கு இரண்டு 'ஏ' சேர்த்து எழுதினர். பல குடும்பங்கள் பழைய வடிவத்தைக் கைவிடவில்லை. உதைபந்தாட்டம் பார்க்கும் நம் இளைஞர்களுக்கு நன்கு தெரிந்த எர்லிங் ஹாலண்டின் பெயர் இரட்டை 'ஏ'யுடன் எழுதப்படுகிறது. அதே பெயரை வட்டமிட்ட எழுத்தால் எழுதுவோரும் நோர்வேயில் இருக்கிறார்கள். கணக்கெடுக்கும்போது அவை இரண்டு தனித்தனிப் பெயர்களாகவே எண்ணப்படுகின்றன. மார்ட்டின் ஓடெகார்டின் பெயரும் அவ்வாறே. 1814 வரை நாடு டென்மார்க் மன்னரின் கீழ் இருந்தமையால், டேனிய முறைப்படி எழுதிய ஒலிக்காத 'ஹெச்' போன்ற எச்சங்களும் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு பெயரை அரிதானது என்று தீர்மானிக்கு முன்னர், அது எழுதப்படக்கூடிய எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். சில வேளைகளில் அரிதாயிருப்பது பெயரன்று, எழுத்துக்கூட்டல் மட்டுமே.

இன்றைய எண்ணிக்கையை அறிவது இவற்றில் மிக எளிது. நோர்வேயின் அரச புள்ளிவிபர நிறுவனம் தன் தளத்தில் பெயர் தேடும் பகுதி ஒன்றை வைத்திருக்கிறது. ஆங்கில வடிவமும் உண்டு. பெயரைத் தட்டச்சிட்டால், அதைக் குடும்பப் பெயராகக் கொண்டோர் எத்தனை பேர் என்ற எண் வந்துவிடும். 3 பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், தனியாட்களின் அந்தரங்கம் கருதிச் சரியான எண்ணைக் காட்டமாட்டார்கள். எண்ணை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டுமானால், சுமார் 56 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் மிகப் பரவலான ஹன்சன் என்ற பெயரை ஏறத்தாழ 50,000 பேர் கொண்டிருக்கிறார்கள் என்பதை மனத்திற் கொள்ளலாம்.

அரிது என்பதற்குச் சட்டமே ஓர் எல்லை வகுத்திருப்பது பலருக்குத் தெரியாத செய்தி. 2003ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறையில் உள்ள பெயர்ச் சட்டத்தின்படி, நாட்டில் 200 பேரோ அதற்குக் குறைவானோரோ கொண்டுள்ள குடும்பப் பெயர் பாதுகாக்கப்பட்டது. அப்பெயருடையோர் அனைவரும் சம்மதித்தாலன்றி வெளியாள் அதனைச் சூடிக்கொள்ள முடியாது. திருமணத்தால் துணையின் பெயரை ஏற்பவருக்கும், பெற்றோர், பேரன் பேத்தி, பூட்டன் பூட்டி வழியாகப் பெயருக்கு உரிமை உள்ளவருக்கும் இத்தடை இல்லை. ஆகவே ஒரு முல்லைத்தீவு மருமகள் 40 பேர் மட்டுமே வைத்திருக்கும் பெயரைத் தடையின்றிப் பெறலாம்; அதே பெயர் அழகாயிருக்கிறதென்று அயலவர் எடுக்க முடியாது. தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்த நம்மவர்களின் நீண்ட பெயர்களும், 200 பேரைத் தாண்டாதவரையில், இதே பாதுகாப்புக்குள் வருகின்றன என்பதை இடையே சொல்லிவைக்கலாம்.

எண் கிடைத்ததும் பெயர் எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரிக்க வேண்டும். சமாதானப் பேச்சுக் காலத்தில் கிளிநொச்சிக்கு வந்துபோனவர்களின் பெயர்களே இதற்குப் போதிய உதாரணங்களாகின்றன. விதார் ஹெல்கிசன் என்பதில் உள்ளது ஹெல்கே என்பவரின் மகன் என்ற தந்தைவழிப் பெயர். 'சன்' என்று முடிபவை பெரும்பாலும் இவ்வகை. முற்காலத்தில் இப்பெயர் தலைமுறைதோறும் மாறியது; 1923ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான ஒரு பெயர் வேண்டும் என்று விதித்தது. எரிக் சொல்ஹெய்மின் பெயர் பண்ணைப் பெயர். ஆனால் அப்பெயரில் நாடெங்கும் பல பண்ணைகள் இருந்தமையால், பெயரை மட்டும் வைத்து ஊர் சொல்ல முடியாது. ஜொன் ஹன்சன் பௌவர் என்பதில் இரண்டு பெயர்கள் சிறுகோட்டால் இணைந்துள்ளன. பொதுப்பெயர் ஒன்றைத் தனித்துக் காட்ட இது பழகிய வழி. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் முதல் தலைவர் ட்ரொண்ட் ஃபுருஹோவ்டேயின் பெயரோ இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கியது: 'ஃபுரு' என்பது பைன் மரம், 'ஹோவ்டே' என்பது முன்தள்ளி நிற்கும் மேடு. நிலத்தின் தோற்றத்தைக் கண்ணெதிரே நிறுத்தும் இத்தகைய கூட்டுப்பெயர் எதிர்ப்பட்டால், நேரே பண்ணைப் பதிவுகளுக்குப் போய்விடலாம். இவை தவிர, வெளியிலிருந்து வந்த பெயர்களும் உண்டு. இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் முன்னோர் ஸ்கொட்லாந்திலிருந்து பேர்கன் நகருக்கு வந்தவர்கள்.

பண்ணைப் பெயரின் ஈற்றைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்துவிடும். குளம், மடு, கேணி, மோட்டை என்று முடியும் பெயரைக் கேட்டதும் வன்னியில் உள்ளவருக்கு நிலம் எப்படியிருக்கும் என்று விளங்குவதுபோல, நோர்வேஜியருக்கு ஹெய்ம், ஸ்டாட், லண்ட், ருட், செட், விக், நெஸ் என்ற ஈறுகள் விளங்கும். ஹெய்ம் வீடு அல்லது குடியிருப்பு, ருட் காடு வெட்டித் திருத்திய நிலம், விக் சிறுகுடா, நெஸ் நீருக்குள் நீளும் நிலமுனை. ருட் என்று முடிபவை கிழக்கு நோர்வேயில் செறிந்தும், லண்ட் என்று முடிபவை தென்மேற்கில் மிகுந்தும் காணப்படுவதால், ஈறே தேடலை ஒரு திசைக்குத் திருப்பும். உறவினரின் ஒஸ்லோ முகவரிகளில் நாம் எழுதிப் பழகிய ஃபுருசெட், அம்மெருட், ஹௌகெருட் ஆகியவையும் தொடர்மாடிகள் எழுமுன்னர் பண்ணைகளாக இருந்த இடங்களே.

இங்கே ஒரு கவனம் தேவை. ஒரே பண்ணைப் பெயரைக் கொண்டோர் எல்லாரும் ஒரே இரத்தம் என்று கருதிவிடக் கூடாது. பழைய நோர்வேயில் பண்ணைப் பெயர் ஆளுக்கு முகவரியாகவே இருந்தது. காணியின் உரிமையாளரும், அதன் ஓரத்திற் குடிசையிட்டுக் கூலிவேலை செய்தவரும், திருமணத்தால் வந்து சேர்ந்தவரும் அதே பெயராலேயே அறியப்பட்டனர். வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தவரின் பெயரும் அத்துடன் மாறியது. அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பப் பெயர்களில் நிலைத்ததும், உறவே இல்லாத இரு குடும்பங்கள் ஒரே அரிய பெயரைப் பகிர்வதும் இதனாற்றான். சம்பந்தி வீட்டாரின் பெயரோடு ஒத்த ஒருவரை இணையத்தில் கண்டு உறவுமுறை பேசத் தொடங்குவோர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

பண்ணையை அடையாளங் காண்பதற்கு இன்றும் ஈடிணையற்ற கருவி, பேராசிரியர் ஊலுஃப் ரிக் தொடக்கிவைத்த நோர்வேப் பண்ணைப் பெயர்த் தொகுதி. காணிப் பதிவேட்டில் பெயர்களைத் திருத்தி எழுதுவதற்காக 1878இல் அமைக்கப்பட்ட குழுவின் பணியிலிருந்து பிறந்த இத்தொகுதியின் பாகங்கள் 1897 தொடக்கம் வெளிவந்தன. 1899இல் ரிக் காலமானபின் ஏனைய அறிஞர்கள் அதனை முடித்தனர். மாவட்டவாரியாக ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் இலக்கம், உள்ளூரார் உச்சரிக்கும் விதம், முந்திய நூற்றாண்டுகளின் வரிப் பட்டியல்களிலும் சாசனங்களிலும் காணப்படும் பழைய எழுத்துவடிவங்கள், பெயரின் பொருள் பற்றிய கருத்து ஆகியன தரப்பட்டிருக்கும். நம் பழைய தோம்புகளைப் புரட்டியவருக்கு அதன் அமைப்பு எளிதிற் பிடிபடும். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அது இணையத்தில் தேடக்கூடியதாகியது. தேடிய பெயருக்கு ஒரேயொரு பண்ணை வந்தால் ஊர் கிடைத்துவிட்டது எனலாம். ஐந்தாறு வந்தால் அவை அனைத்தையும் மாவட்டத்துடன் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். ஒன்றுமே வராவிட்டால், முன்னர் தாளில் எழுதிய மற்ற எழுத்துவடிவங்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த படி குடிசன மதிப்பீடுகள். நோர்வேயின் தேசிய சுவடிக்கூடம் நடத்தும் டிஜிட்டல் சுவடித் தளத்தில் 1801, 1865, 1875, 1891, 1900, 1910, 1920 ஆகிய ஆண்டுகளின் நாடளாவிய மதிப்பீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நூறு ஆண்டுகள் கழிந்தபின்னரே இவை வெளியிடப்படுவதால், 1930ஆம் ஆண்டுக்குரியது 2030இன் இறுதியில்தான் திறக்கும். தொடங்க மிக ஏற்றது 1910. அதில் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தொழில், வசித்த பண்ணை எல்லாம் பதியப்பட்டுள்ளன. பெயரை இட்டுத் தேடி, வந்தவர்களை மாவட்டவாரியாக எண்ணினால், இன்றைய புள்ளிவிபரத் தளம் காட்டாத ஒன்று, அதாவது பெயர் எந்தப் பகுதியிற் குவிந்திருந்தது என்பது, தெளிவாகத் தெரியும்.

அக்கால எண்ணிக்கையை இன்றைய எண்ணிக்கையுடன் ஒப்பிடும்போது மொத்தச் சனத்தொகையைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1910இல் நோர்வேயில் வாழ்ந்தோர் சுமார் 24 இலட்சம். இன்று 56 இலட்சம். உதாரணமாக, அன்று 40 பேர் கொண்டிருந்த பெயர் இன்று 93 பேரிடம் இருந்தால் அது வளரவுமில்லை, தேயவுமில்லை. நாட்டோடு சேர்ந்து பெருகியிருக்கிறது. 60 பேராக மட்டும் இருந்தால் பெயர் ஒடுங்குகிறது என்று கொள்ளலாம். மணமான பெண் கணவரின் பெயரையே ஏற்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்ததால், பெண்பிள்ளைகள் மட்டும் பிறந்த வீடுகளில் அரிய பெயர்கள் அறுந்துபோயின. அவ்வாறு போன பெயர் நடுப்பெயராக மீண்டு வருவதும் உண்டு. எர்லிங் ஹாலண்டின் நடுவே உள்ள பிரௌட் என்பது தாய்வழிப் பெயர். நடுப்பெயர் சட்டப்படி குடும்பப் பெயராகாது என்பதால், எண்ணிக்கையைப் படிக்கும்போது இதனையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

1801, 1865ஆம் ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போகும்போது தேடும் முறையை மாற்ற வேண்டும். அக்காலத்தில் ஒரு பண்ணையாள் ஊலே ஹன்சன் என்று மட்டும் பதியப்பட்டு, பண்ணையின் பெயர் வசிப்பிடத்துக்குரிய நிரலில் நிற்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அரிய பெயரை இட்டுவிட்டு ஒருவரும் இல்லை என்று கைவிடுவோர் பலர். வசிப்பிடக் கட்டத்தில் இட்டால் அந்த வீட்டார் முழுப்பேரும் வந்து நிற்பார்கள். அங்கிருந்து ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், திருமணம், அடக்கம் ஆகியன பதியப்பட்ட தேவாலயப் பதிவேடுகளுக்குப் போகலாம். அவற்றின் படங்களும் அதே தளத்தில் உள்ளன. பழையவை கொதிக் கையெழுத்தில் இருப்பதால் கைபேசித் திரையில் வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை. நூலகக் கணினியில் அமர்ந்து பார்ப்பதே மேல்.

உள்நாட்டில் அரிதான பெயர் கடல்கடந்து பெருகியிருக்கவும் கூடும். 1825 முதல் ஒரு நூற்றாண்டுக்குள் 8 இலட்சத்துக்கும் அதிகமான நோர்வேஜியர் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். உலகளாவிய எண்ணிக்கை காட்டும் வணிகத் தளங்களைப் பார்ப்போர், அவை மதிப்பீடுகள் என்பதையும், வட்டமும் சாய்கோடும் இழந்த வடிவங்கள் அங்கே வேறு நாட்டுப் பெயர்களோடு கலந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கடைசியாக எஞ்சுவது ஊர்வரலாற்று நூல்கள். ஒவ்வொரு பண்ணையிலும் தலைமுறை தலைமுறையாக யார் இருந்தார், காணி யார் கைக்கு மாறியது என்று எழுதும் இந்நூல்கள் நோர்வேயின் பல பகுதிகளுக்கு உண்டு. தேசிய நூலகத்தின் தளத்தில் அவற்றிற் பலவற்றை நோர்வேயிலிருந்து இணைவோர் மட்டுமே முழுமையாக வாசிக்க முடியும். இதற்குத்தான் அங்குள்ள மருமகனோ பெறாமகளோ தேவைப்படுகிறார். அவருக்கு வெறும் பெயரை அனுப்பாமல், பண்ணையின் பெயர், ரிக்கின் தொகுதியில் உள்ள இலக்கம், கோவிற்பற்று, பழைய உள்ளூராட்சிப் பிரிவு ஆகிய நான்கையும் எழுதி அனுப்ப வேண்டும். 2020இல் நகர, கிராம சபைகள் 422இலிருந்து 356ஆக இணைக்கப்பட்டமையால், பழைய பிரிவின் பெயரிலேயே நூல் இருக்கும். நம் நேரத்துக்கு நோர்வே கோடையில் மூன்றரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலமும் பிந்தியது. அவர்கள் வேலை முடிந்து வந்து இதைத் தேடிக்கொண்டிருக்கையில் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரமாகிவிடும் என்பதால், கேள்விகளைப் பகலிலேயே எழுத்தில் அனுப்பிவிடுவது வசதியானது.