சிங்கப்பூரின் பழைய ரயில் தடத்தில் நடக்க: நடுவிலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவுக்கு ரயில் ஓடிய பழைய தடம்தான் இப்போது நடைபாதையாக இருக்கும் சிங்கப்பூரின் ரயில் காரிடார். இதில் முதன்முறையாக நடக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் தெற்கு முனையான தஞ்சோங் பகாரில் ஆரம்பித்து 24 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். வேண்டாம். பாதி வழியிலேயே வெயில் ஆளைச் சாய்த்துவிடும், அதற்குப் பிறகு எதையும் பார்க்கிற மனநிலை இருக்காது. முதல் தடவை நடுவில் இருக்கும் 4 கிலோமீட்டர் மட்டும் போதும். பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் தொடங்கி ஹில்வியூவில் முடிக்கலாம். இரண்டு முனையிலும் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் இருக்கிறது, ஆற அமர நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

எம்ஆர்டியின் டௌன்டவுன் பாதையில் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்து கொஞ்சம் நடந்தாலே சாலைக்கு மேலே பழைய ரயில் போன இரும்புப் பாலம் தெரியும். படியேறியதும் எல்லோரும் பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டு அப்படியே வடக்கே நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் தெற்கே திரும்புங்கள். சில நிமிட நடையில் புக்கிட் தீமாவின் அந்தச் சின்ன ரயில் நிலையம் வந்துவிடும். 1932இல் கட்டியது, 2022 ஜூலையில் பழுதுபார்த்துத் திறந்தார்கள். பிளாட்பாரமும் கொஞ்சம் தண்டவாளமும் அப்படியே இருக்கின்றன.

இங்கே அவசரப்படாதீர்கள். இரு திசை ரயில்களுக்கும் ஒரே தடம்தான் இருந்தது, எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போனது இந்த நிலையத்தில்தான். அடுத்த பகுதிக்குள் ரயில் நுழைய வேண்டுமென்றால் அதற்கு அனுமதி அடையாளமான டோக்கன் ஓட்டுநர் கைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரே டோக்கன்தான் வெளியே இருக்கும், அதனால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வந்துவிட வழியில்லை. அதைப் பெரிய வளையத்தில் மாட்டி, மெதுவாகப் போகும் ரயிலிலேயே கைமாற்றுவார்கள். 2011 வரைக்கும் இப்படித்தான் நடந்தது! அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலைப் பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூரின் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் பெரும்பாலான தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள், தடம் மட்டும் நின்றது.

சரி, இப்போது வடக்கே நடங்கள். பாலத்தைத் தாண்டியதும் வண்டிச் சத்தம் குறைந்து மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். வலப்பக்கம் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி, அதற்குள்தான் சிங்கப்பூரிலேயே உயரமான குன்று இருக்கிறது, 163 மீட்டருக்கு மேல். ஆனால் அதன் அடிவாரத்தில் போகும் உங்களுக்கு ஏற்றமே தெரியாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏற முடியாது, வழுக்கும். அதனால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாதை போட்டிருக்கிறார்கள். முட்டி வலி உள்ள பெரியவர்களையும் குழந்தைகளையும் தைரியமாக அழைத்துப் போகலாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஓரத்தில் திடீரென்று மண்சுவர் உயர்ந்தால் அது வெட்டிய இடம், பாதை கரைபோல் உயர்ந்து நின்றால் நிரப்பிய இடம். பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், வழி முழுக்கத் தேடிக்கொண்டே வருவார்கள்.

காலை ஏழு மணிக்குத் தொடங்குவது நல்லது, அதற்கு முன்னால் இங்கே சரியாக விடியாது. பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டுவது இந்த ஊரில் சாதாரணம், காரிடாரிலோ ஒதுங்க இடம் குறைவு. ஒருமுறை மூன்று மணிக்குக் கிளம்பி நன்றாக மாட்டிக்கொண்டேன், பக்கத்தில் ஒரு கூரைகூட இல்லை, மின்னல் வெட்டும்போது பெரிய மரத்தடியில் நிற்கவும் பயம். அதிலிருந்து வானிலையைப் பார்க்காமல் இறங்குவதில்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கழிப்பறை வேலையை நிலையத்திலேயே முடித்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் சில இடங்களில் சேறு இருக்கும், பிடிமானம் உள்ள காலணி போதும். பெரும்பகுதியில் விளக்கு கிடையாது, இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். சைக்கிள்காரர்களும் இதே பாதையில்தான் வருவார்கள், இடப்பக்கமாகவே நடங்கள். குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் உணவு என்று நினைத்துப் பறிக்க வரும், எல்லாம் முதுகுப்பைக்குள் போகட்டும். தின்ன எதையும் கொடுக்காதீர்கள், அது சட்டப்படி குற்றமும்கூட.

இரண்டாவது இரும்புப் பாலம் வந்ததும் கீழே ரயில் மால் என்ற கடை வரிசை, சாப்பிட நல்ல இடம். அங்கிருந்து ஹில்வியூ எம்ஆர்டி பக்கம்தான். நேரம் இருந்தால் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்கும் போய்ப் பாருங்கள், 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான்.

கால் ஒத்துழைத்தால் வேறொரு நாள் தெற்குப் பகுதிக்குப் போங்கள். அங்கே காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. குவீன்ஸ்வே பக்கம் தண்டவாள ஓரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் சின்னதாக வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரன்தான் பிறகு இங்கே குடிவந்தார். மலாயா ரயில்வேயில் மண் சுமந்தவர்களிலும் தண்டவாளம் பராமரித்தவர்களிலும் நம் ஆட்கள் ஏராளம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் அதே அளவு பெயர் பெற்றவர்கள். கோயில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்கிற மாதிரி காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.