ஸ்டீராய்டு எடுத்தவர்கள் இதயத்தைக் காத்துக்கொள்வது எப்படி

தசையைப் பெருக்க ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுத்தவர்கள் பலரும், இதயத்துக்கு எந்த மூலிகை நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மருந்தை நிறுத்துவது, பரிசோதனை செய்துகொள்வது, உடற்பயிற்சியை மாற்றியமைப்பது ஆகியவற்றுக்குப் பிறகே மூலிகையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எடைப் பயிற்சி செய்யும் 140 ஆண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதற்கான காரணத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஸ்டீராய்டு எடுக்காதவர்களின் இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் சராசரியாக 63 சதவீதத்தை வெளியேற்றியது. அப்போதும் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் அது 49 சதவீதமாகவும், நிறுத்தியிருந்தவர்களிடம் 58 சதவீதமாகவும் இருந்தது. இதயத் தசை ஓரளவு மீளக்கூடும் என்ற நம்பிக்கையை இது தருகிறது. ஆனால் மருந்தை எடுத்த மொத்தக் காலம் கூடக்கூட, இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவும் கூடியிருந்தது.

நிறுத்திய பின் சில மாதங்களுக்குச் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம் என்பதால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் துணையோடு நிறுத்துங்கள். ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன் முற்றிலும் வேறு வகை ஸ்டீராய்டு. அதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), கொழுப்பு அளவு, கல்லீரல் பரிசோதனை, இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும்போது, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளவிடுங்கள். அளவு தொடர்ந்து 135/85-க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவர் அனுமதித்தபின், வேக நடை, சைக்கிள், நீச்சல் என்று மிதமான பயிற்சியை வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். எடை தூக்குவோர், மூச்சை அடக்கி முக்கித் தூக்குவதைக் கைவிட வேண்டும். அந்த நொடியில் இரத்த அழுத்தம் மிகக் கடுமையாக எகிறும், ஸ்டீராய்டால் ஏற்கெனவே தடித்துப்போயிருக்கக்கூடிய இதயத் தசைக்கு அது கூடுதல் சுமை. எடையைக் குறைத்து, தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

மூலிகைகளுக்குச் சாதகமாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் எலிகளிடம் கண்டவை. ஸ்டீராய்டால் மனித இதயத்துக்கு நேரும் பாதிப்பை இன்ன மூலிகை தடுக்கும் என்று நிறுவப்படவில்லை. பூண்டு இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கலாம், ஆனால் பூண்டு மாத்திரை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்துடன் சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். அதிமதுரத்தைக் கட்டாயம் தவிருங்கள்: அது உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றும். சிவப்பு ஈஸ்ட் அரிசியில் லோவாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்தே இருப்பதால், அதை மூலிகை என்று எண்ணித் தானாகச் சாப்பிடுவது தவறு. செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறும் அஸ்வகந்தாவும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரைகளும் அதே உறுப்பைத்தான் தாக்குகின்றன. இவற்றில் எதையாவது எடுப்பவர்களுக்குக் கண் மஞ்சளாகவோ சிறுநீர் அடர்நிறமாகவோ மாறினால், அன்றே அதை நிறுத்திவிட்டு, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.